பரேடு நேரம்

உட்காருங்கள் தம்பி, தாராளமாக உட்காருங்கள். அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஏன் சிரமப்படுகிறீர்கள், மேலே போடுங்கள். பாப்பா முன்சீட்டு ஜன்னலோரம் உட்காரட்டும், காற்று வரும். தம்பி என்று கூப்பிடலாமில்லையா? என்னைவிடப் பத்து வயதாவது சின்னவராக இருப்பீர்கள். கீரனூர்வரை கூட்டம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். அதற்கப்புறம் திருச்சிவரை நிம்மதி.

கேட்கிறேன் என்று தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பிளாஸ்டிக் கவருக்குள் ஒரு காகிதம் இருக்கிறதே, அதன் தலையில் இருக்கிற முத்திரையை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வேன். ராணுவ அகாடமியில் வந்து சேரச் சொல்லும் கடிதம். சரிதானே? யாருக்கு, பாப்பாவுக்கா? பேர் என்னம்மா? நிறைமதி. நல்ல பெயர். அங்கே போனதும் வடக்கத்திக்காரர்கள் அதை மூன்றாக உடைப்பார்கள், கவலைப்படாதே. என் பையன் பெயர் தென்னவன். போன முதல் வாரத்திலேயே ‘தென்னு’ ஆகிவிட்டான்.

ஆமாம், என் பையன் அங்கேதான் இருக்கிறான். மூன்று வருடப் பயிற்சியில் கடைசி ஆறு மாதம். உங்களுக்கு அதிர்ஷ்டம் பாருங்கள், புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நின்ற இத்தனை பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள். திருச்சியில் என்ன வாங்கப் போகிறீர்கள், இரும்புப் பெட்டியா? கறுப்புப் பெயிண்ட் அடித்தது வாங்குங்கள். பச்சை வேண்டாம். பெயர் வெள்ளை எழுத்தில், இரண்டு அங்குலம். பட்டியலில் போட்டிருப்பதைவிட ஹாங்கர் நான்கு கூடுதலாக வாங்குங்கள், உடையும்.

என் பெயர் சந்திரபோஸ். மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். அதோடு பத்தொன்பது வருடமாக என்.சி.சி. ஆபீசர். நிஜ ராணுவம் இல்லை, நானே சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை ராணுவம் என்பாள் என் வீட்டுக்காரி மங்கையர்க்கரசி. நிஜ ராணுவத்துக்கும் நான் போய் நின்றவன்தான். திருச்சியில் ஆள் எடுத்தபோது உயரத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் குறைந்தது. அன்றைக்கு அளந்தவன் அவசரக்காரன். சரி, அதை விடுங்கள்.

நான் சொல்ல வந்தது என்னவென்றால், உங்கள் பெண் நல்ல காலத்தில் போகிறாள். நீங்களும் கூடவே போகலாம். உள்ளே கூப்பிட்டு டீ கொடுப்பார்கள், அறையைக் காட்டுவார்கள். என் பையன் போனது கொரோனா வந்த வருடம். அவனை நான் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்த்தேன் என்பதை ஒரு புத்தகமாகவே எழுதலாம். எழுதச் சொல்லித்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எல்லோரும் என்றால், எங்கள் தலைமையாசிரியர் ஒருமுறை சொன்னார்.

முதலில் ஒரு விஷயம் சொல்லிவிடவேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. தென்னவன் படித்தது என் பள்ளிக்கூடத்தில்தான். வாத்தியார் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். பள்ளிக்கூடத்துக்குள் அப்பா கிடையாது, சார்தான். ஆறாம் வகுப்பில் சேர்த்த முதல் நாளே சொல்லிவிட்டேன். அவனும் சமர்த்தாகப் பிடித்துக்கொண்டான். என் வகுப்பில் எழுந்து நின்று, “சார், சோடியத்த ஏன் சார் மண்ணெண்ணெயில போட்டு வைக்கிறோம்?” என்பான். மற்ற பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். இவன் முகத்தில் ஒரு சுருக்கம் இருக்காது. நாலு இருபதுக்கு மணி அடிக்கும். வண்டியின் பின்சீட்டில் ஏறுவான். பள்ளிக்கூட கேட்டைத் தாண்டி முன்சக்கரம் ரோட்டில் இறங்கியதோ இல்லையோ, “அப்பா, பசிக்குது” என்பான். கேட்டுக்கு உள்ளே ஒருநாளும் அப்பா வராது, வெளியே ஒருநாளும் சார் வராது. ஏழு வருடம். அவ்வளவு சுத்தமாக வைத்திருந்தான்.

மார்ச்சில் ஊரடங்கு. எழுத்துத் தேர்வு, நேர்முகம், மருத்துவப் பரிசோதனை எல்லாம் அதற்குள் முடிந்துவிட்டிருந்தது. ஜூனில் பட்டியல் வந்தது. பெயர் இருக்கிறது. ஆகஸ்ட் பதினேழாம் தேதி போய்ச் சேரவேண்டும், கையில் எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் எடுத்த கொரோனா இல்லை என்கிற சான்று வேண்டும். தேதி தவறினால் பட்டியலில் அடுத்து இருக்கிறவனைக் கூப்பிட்டுவிடுவார்கள். யோசித்துப் பாருங்கள். நாடு முழுவதும் லட்சக்கணக்கான பேர் எழுதி, அதில் சில நூறு பேரில் ஒருவனாக வந்தவன், மூக்கில் விடுகிற ஒரு குச்சியால் போய்விட்டால்?

அன்றைக்கே மாடி அறையை முகாமாக அறிவித்தேன். ‘நிலையான ஆணைகள்’ என்று தலைப்புப் போட்டுப் பதினான்கு ஆணைகளைத் தட்டச்சு செய்து கதவில் ஒட்டினேன். காலை ஐந்தரைக்கு விசில். ஒரு நாளைக்கு மூன்று முறை காய்ச்சல் பார்ப்பது. சாப்பாடு வாசலில் ஸ்டூல்மேல், இரண்டு விசில் கேட்டதும் எடுத்துக்கொள்ளலாம். யாரும் உள்ளே போகக்கூடாது. ஏழாவது ஆணை, பரேடு நேரத்தில் தந்தையை சார் என்று அழைக்கவேண்டும். பரேடு நேரம் காலை ஐந்தரையிலிருந்து இரவு ஒன்பதரைவரை. அதற்கப்புறம் தூங்குகிற நேரம், வெளித்தாழ்ப்பாள் போட்டுவிடுவேன். தூக்கக் கலக்கத்தில் கீழே வந்து எதையாவது தொட்டுவிட்டால் என்ன ஆகிறது? ஒரு பாதுகாப்புக்குத்தான். உள்ளேயே குளியலறை இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, என்ன குறை?

மங்கை படித்துப் பார்த்தாள். “இது புள்ளையா, அக்யூஸ்டா?” என்றாள்.

“அங்க போனா இதவிடக் கடுமையா இருக்கும். இப்பவே பழகட்டும்” என்றேன்.

“நீங்க சனிக்கிழமை மட்டும் வெளையாடுங்க, நான் ஒண்ணும் சொல்லல. இப்ப வாரம் ஏழு நாளும் சனிக்கிழமையாப் போச்சே.”

பெண்களுக்கு இதெல்லாம் புரியாது என்று சொல்ல வந்தேன், உங்கள் பாப்பா முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், சொல்லவில்லை. ஆனால் தென்னவன் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை தம்பி. “சரி சார்” என்றான். முதல் பத்து நாள் சிரித்துக்கொண்டே சொன்னான். அப்புறம் சிரிக்காமல் சொன்னான். ஒழுங்கு படிந்துவிட்டது என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கடை கண்ணிக்கு நான் மட்டும்தான் போவேன். மங்கையை வாசல் தாண்ட விட்டதில்லை. மாடிக்குச் சாப்பாடு கொண்டுபோவதும் நான்தான். அவளை விட்டால் கதவோரம் நின்று பேச ஆரம்பித்துவிடுவாள், ஒரு மணி நேரம் ஆகும். மளிகை, காய்கறி, மருந்து, சங்கக் கடையில் வரிசை, எல்லாம் ஒற்றை ஆளாகச் சமாளித்தேன். ஜூலைக் கடைசியில் ஒரு மூட்டை அரிசியைத் தூக்கிப் படிக்கட்டுக்குக் கீழே வைத்தேன். இரண்டு நாள் உடம்பெல்லாம் முறுக்கிப் பிழிந்த மாதிரி வலி, லேசாகக் காய்ச்சல்கூட. வயதாகிறது, பாருங்கள். அந்த வாரம் வீட்டில் ஒரே சண்டை வேறு. காபியில் மணமே இல்லை. “டிகாக்‌ஷன் எறக்கக்கூட மறந்து போச்சா ஒனக்கு? வெந்நீர் மாதிரி இருக்கு” என்று நான்கு நாள் கத்தினேன். அவள் டம்ளரை வாங்கி மோந்து பார்த்துவிட்டு, என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். தப்பு தன்பேரில் என்று தெரிந்துவிட்டது போலிருக்கிறது, டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பக்ரீத் அன்று இன்னொரு கூத்து. தென்னவனின் சிநேகிதன் வாஜித், இரண்டு தெரு தள்ளி வீடு, தூக்குவாளியில் பிரியாணி கொண்டுவந்து தெருவில் நின்று கத்துகிறான்: “டேய் தென்னவா, ஒனக்குன்னு நல்லி எலும்பு தனியாப் போட்டிருக்குடா. ஒங்க அப்பாவுக்குத் தெரியாம சாப்புடு.” நான் வாசலில் நிற்பதைப் பார்க்கவில்லை. பார்த்ததும், “அஸ்ஸலாமு... வணக்கம் சார்” என்று குழறிவிட்டான். வாங்கி வைத்துக்கொண்டேன். மாடிக்குக் கொடுக்க முடியுமா? வெளிச் சாப்பாடு. எட்டாவது ஆணை. மேலே ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். சோதனைக்காக நானே சாப்பிட்டுப் பார்த்தேன். மூன்று நாளில் ஒன்றும் ஆகவில்லை என்று உறுதியானது. ஆனால் முதல் நாளே பிரியாணி தீர்ந்துவிட்டது. தெருவையே தூக்கும் என்பார்கள் அவர்கள் வீட்டு பிரியாணியை. எனக்கு வெறும் சோறு மாதிரிதான் இருந்தது.

என்ன பாப்பா சிரிக்கிறாய்? காதில் பாட்டுக் கேட்கிறாய் என்று நினைத்தேன். கேட்கட்டும், கேட்கட்டும், அவளுக்கும் பயன்படும்.

சேரப் போவதற்கு முன்னால் பரிசோதனைக்குப் போய், குச்சியை மூக்கில் விடும்போது பையன் திமிறிவிட்டால்? அதனால் ஒத்திகை வைத்தேன். சுகாதார முகாமுக்கு அழைத்துக்கொண்டு போய், சும்மா எடுத்துப் பார்க்கச் சொன்னேன். ஜூலையில் ஒருமுறை, இல்லை என்று வந்தது. ஆகஸ்ட் ஆறாம் தேதி இரண்டாவது ஒத்திகை. மறுநாள் போன் வந்தது, பாசிட்டிவ்.

தேதியை எண்ணிப் பார்த்தேன் தம்பி. இன்னும் பத்து நாள்.

நகராட்சி ஆட்கள் வந்து வாசலில் தகரம் அடித்தார்கள், ஸ்டிக்கர் ஒட்டினார்கள். மாடியைப் பார்க்க வந்தவர் என் ஆணைகளைப் படித்துவிட்டு, “சார், இது எங்க ரூல்ஸவிட ஸ்ட்ராங்கா இருக்கே” என்றார். அவ்வளவு பாதுகாப்பையும் தாண்டி எப்படி வந்தது? எனக்கும் மங்கைக்கும் எடுத்தார்கள், இரண்டு பேருக்கும் இல்லை. ஆக, என் வழியாக வரவில்லை என்பது அறிவியல்படி நிரூபணமாகிவிட்டது. வாஜித் தெருவில் நின்று அண்ணாந்து கத்தினானே, அந்தக் காற்றில் போயிருக்கும் என்பதுதான் என் முடிவு. மங்கையிடம் விளக்கிச் சொன்னேன். அவள், “இப்ப காபியில மணம் தெரியுதா ஒங்களுக்கு?” என்று மட்டும் கேட்டாள்.

“தெரியுது. இப்பத்தான் ஒழுங்காப் போடக் கத்துக்கிட்ட” என்றேன்.

வாளியை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

நான் ஒரு திட்டம் போட்டேன். அகாடமிக்கு இப்போது எதுவும் சொல்லவேண்டாம். எட்டு நாள் பொறுப்போம். திருச்சியில் வேறு லேபில் எடுப்போம், இல்லை என்று வந்துவிட்டால் நேரே விமானம். பொய் இல்லை தம்பி, நான் பொய் சொல்லச் சொல்கிறவன் இல்லை. சொல்லவேண்டிய நேரத்தில் சொல்லலாம் என்கிறேன். படிக்கட்டில் நின்று கதவுக்கு இந்தப் பக்கமிருந்து அவனுக்கு வரிசையாக விளக்கினேன். முழுவதும் கேட்டான். கேட்டுவிட்டு, “நான் மெயில் அனுப்பிட்டேன் சார்” என்றான்.

“என்ன மெயில்?”

“பாசிட்டிவ்னு. ரிப்போர்ட்டயும் வச்சு அனுப்பிட்டேன். காலையிலயே.”

பதினெட்டு வருடத்தில் முதல் தடவை என்னைக் கேட்காமல் ஒரு காரியம். அன்று நான் பேசிய பேச்சை இப்போது சொல்லமாட்டேன், பாப்பா இருக்கிறாள். சீட் போச்சு, மானம் போச்சு, எல்லாம் போச்சு என்று படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் பதில் வந்தது. உடம்பைப் பார்த்துக்கொள், செப்டம்பர் ஐந்துக்குள் சான்றோடு வா, உன் இடம் இருக்கிறது என்று நான்கே வரி. எனக்குத் தெரிந்த சுபேதார் ஒருவர் மூலமாக நான் அங்கே ஒரு வார்த்தை போட்டிருந்தேன், அதன் பலன்தான். நான் பேசியது மறுநாள் காலையில் என்பது உண்மைதான். பதில் வந்தது முதல் நாள் சாயங்காலம். இருந்தாலும் இந்த மாதிரி விஷயங்களில் யார் எப்போது எங்கே பேசினார்கள் என்று நமக்கு முழுக்கத் தெரியாது.

அதோ பாருங்கள், விமான நிலையம். சான்று கிடைத்து அவன் கிளம்பிய அன்று அந்த கேட்டோடு சரி, எங்களை உள்ளே விடவில்லை. மூக்கு வாய் மூடிய துணி, அதற்குமேல் கண்ணாடித் தாள், கையுறை, பார்த்தால் என் பையன்தானா என்றே தெரியவில்லை. மங்கை கட்டிப்பிடிக்கப் போனாள். “இடைவெளி, இடைவெளி” என்றேன். அவள் எங்கே கேட்டாள்? இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள், பின்னால் வரிசையில் நின்றவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். நான் நேராக நின்று ஒரு சல்யூட் அடித்தேன். அவனும் திருப்பி அடித்தான். நல்ல சல்யூட் தம்பி, விரல்கள் ஒட்டி, முழங்கை தோளுக்கு நேராக, குறையே சொல்ல முடியாது. கண் கலங்கியிருந்ததா என்று அந்தத் தாளுக்குள் தெரியவில்லை. கலங்கித்தான் இருக்கும்.

அங்கே போனதும் பதினான்கு நாள் தனிமை. ஆளுக்கு ஓர் அறை. இவனைப் போலத் தாமதமாக வந்தவர்கள் நாற்பது பேர். பயிற்சி எல்லாம் போனில். காலையில் திரையில் டிரில் சொல்லித்தருகிற உஸ்தாத் வந்து நின்று, சாவ்தான், விஷ்ராம் என்பாராம், இவர்கள் கட்டிலுக்கும் மேஜைக்கும் நடுவில் கிடைக்கிற இரண்டடியில் அட்டென்ஷனும் ஸ்டாண்டட்டீஸும். நடை என்றால் நின்ற இடத்திலேயே நடை. சீனியர்கள் திரையில் வந்து தண்டனை கொடுப்பார்களாம். நாற்பது பேரும் நாற்பது அறையில் ஒரே நேரத்தில் குட்டிக்கரணம். கட்டில் காலில் முட்டிக்கொண்டு நெற்றி வீங்கியவர்கள் ஒன்பது பேர். ஒரு பஞ்சாபிப் பையன் போனைக் கூரையைப் பார்க்க வைத்துவிட்டு, கட்டிலில் படுத்தபடியே, “ஒன்று சார், இரண்டு சார்” என்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தானாம். மின்விசிறி மட்டும் சுற்றுவதைப் பார்த்துப் பிடித்துவிட்டார்கள். இதெல்லாம் அவன் அம்மாவிடம் சொல்லி, அவள் என்னிடம் சொன்னது.

ஆனால் விளையாட்டில்லை. ஐந்தாறு நாளில் பையன்கள் உடைய ஆரம்பித்துவிட்டார்கள். பதினெட்டு வயது, தனி அறை, ஆள் முகம் கிடையாது. சாப்பாடு வாசலில். மூன்று பேர் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கே போய்விட்டார்கள். அப்போதுதான் இவர்கள் பிரிவுக்குப் பொறுப்பான மேஜர் எனக்கே போன் செய்தார். என்னிடம் அரைமணி நேரம் பேசினார் தம்பி, ஒரு மேஜர். ‘உங்கள் பையன் ஒருவன்தான் ஒரு புகாரும் சொல்லவில்லை, மற்றவர்களுக்கும் போன் செய்து தைரியம் சொல்கிறான், எப்படித் தாக்குப்பிடிக்கிறாய் என்று அவனிடம் கேட்டேன், இங்கே தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கிறது சார் என்றான், அப்படியென்றால் என்ன மிஸ்டர் போஸ்?’ என்று கேட்டார். தாழ்ப்பாள் உள்பக்கம் இருப்பதில் என்ன விசேஷம், எல்லா அறையிலும் அப்படித்தானே இருக்கும்? பையன் கட்டட அமைப்பைக்கூட கவனித்திருக்கிறான், கூர்மையான பார்வை சார் அவனுக்கு என்றேன். மேஜர் அதற்கு, வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டார். எல்லோருக்கும் நெகட்டிவ் சார் என்றேன்.

நான் கொடுத்த பயிற்சிதான் அது. யாரும் சொல்லமாட்டார்கள், நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஒரே ஒரு குறை. குறை என்றுகூடச் சொல்லமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான், அம்மாவுக்கு. அவள் உள்ளறைக்குப் போய்ப் பேசுவாள், சிரிப்புச் சத்தம் கேட்கும். கடைசியில் ஒரு நிமிடம் எனக்கு. “நல்லா இருக்கீங்களா சார்?” என்பான். நான் சொல்லிப் பார்த்தேன். “டேய், பரேடெல்லாம் முடிஞ்சுதுடா, என்ன இன்னும் சார்?” என்றேன். “சரி சார்” என்றான். அங்கே அப்படி மரியாதை சொல்லிக் கொடுக்கிறார்கள், பெற்ற தகப்பனைக்கூட சார் என்று கூப்பிடுகிற அளவுக்கு. விடுமுறைக்கு வந்தாலும் அப்படித்தான். வருவது நாலைந்து நாள். மாடிக்கு ஏறவே மாட்டான், கூடத்தில் கதவைத் திறந்துபோட்டுப் படுத்துக்கொள்வான். மிச்ச நாளெல்லாம் சிநேகிதர்களோடு மலை ஏறப் போய்விடுவான். இளம் வயது, சுற்றவேண்டியதுதான். நான் ஏதாவது தப்பு செய்துவிட்டேனா என்று யோசித்துப் பார்த்தேன், யோசிக்காமல் இல்லை. வரிசையாக எழுதியே பார்த்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. இரண்டரை வருடமாகிறது.

என்னம்மா? எனக்குக் கேட்கவில்லை, பஸ் இரைச்சல். ‘கடைசியா எப்ப அப்பான்னு கூப்பிட்டாங்க’வா?

நல்ல கேள்வி. நேர்முகத்தில் இப்படித்தான் கேட்பார்கள், நேராக. இரு, சொல்கிறேன். விமான நிலையத்தில்... இல்லை. அங்கே அம்மாவிடம்தான் பேசினான். மெயில் அனுப்பிய அன்று சார்தான், இப்போதுதானே சொன்னேன். ஜூலையில்... இல்லை. ஊரடங்குக்கு முன்னால் வண்டியில் வரும்போது சொல்லியிருப்பான், ஆனால் அதற்கப்புறமும் ஒருதடவை உண்டு, எனக்கு நினைவு இருக்கிறது.

ஆகஸ்ட் ஒன்பது. காய்ச்சல் வந்து மூன்றாவது நாள், பிற்பகல். நூற்று இரண்டு. கஞ்சியை ஸ்டூலில் வைத்து இரண்டு விசில் அடித்தேன். எடுக்க வரவில்லை. மறுபடி அடித்தேன். உள்ளேயிருந்து, “அப்பா” என்றான். குரல் எழும்பவே இல்லை, கதவில் காது வைத்துத்தான் கேட்டேன். “அப்பா, கொஞ்ச நேரம் அங்கயே உக்காருங்களேன். பேசவெல்லாம் வேணாம். சும்மா உக்காருங்க, போதும்” என்றான்.

நான் என்ன சொன்னேன் என்றால்... “என்ன நேரம் இது?” என்றேன். “பரேடு நேரம்” என்றான். “அப்ப எப்படிக் கூப்பிடணும்?” என்றேன்.

“சார்” என்றான். அப்புறம், “ஒண்ணும் இல்ல சார். நீங்க போங்க” என்றான்.

நானும் இறங்கி வந்துவிட்டேன். கீழே வேலை ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் இரக்கம் காட்டினால் பையன் தளர்ந்துவிடுவான் என்று எனக்கு ஒரு... இல்லை, அதுவும் இல்லை. எனக்குப் பயமாக இருந்தது தம்பி. நூற்று இரண்டு என்று பார்த்ததிலிருந்தே. அங்கே உட்கார்ந்தால் அவனுக்குத் தெரிந்துவிடும். விசிலைப் பையில் போட்டுக்கொண்டு கீழே வந்து, எழுதி வைத்த ஆணைகளை எடுத்து, இன்னும் ஏதாவது சேர்க்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இதை மங்கையிடம்கூட நான் சொன்னதில்லை. உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை. உங்கள் பெண் கேட்டாள், சொல்லிவிட்டேன்.

ஒரு நிமிடம், போன். என் போன் இல்லை, மங்கையுடையது. உறையூரில் தங்கை வீட்டில் காதுகுத்து, காலையிலேயே கிளம்பிப் போனவள் சார்ஜில் போட்டதை மறந்துவிட்டாள். அதைக் கொடுக்கத்தான் போய்க்கொண்டிருக்கிறேன். இன்று ஞாயிற்றுக்கிழமை இல்லையா, அவன்தான்.

“ஹலோ.”

“இல்ல. நான்தான்.”

கேட்டதா உங்களுக்கு? எடுத்ததும், “அம்மோய், பலகாரமெல்லாம் தின்னு முடிச்சாச்சா” என்று ஆரம்பித்தான். பக்கத்தில் இன்னும் நாலைந்து பையன்கள் சிரிக்கிறார்கள். அவனுக்கு இப்படி ஒரு குரல் இருப்பதே எனக்கு மறந்துவிட்டது. நான்தான் என்றதும் அந்தச் சிரிப்பெல்லாம் தள்ளிப் போய்விட்டது. அவன்தான் எழுந்து தள்ளி வந்திருப்பான். இப்போது நேராக நிற்கிறான், எனக்குத் தெரியும்.

“அம்மா போன வீட்டுலயே வச்சிட்டுப் போயிட்டா. ஆமா, நல்லா இருக்கா. நானும் நல்லா இருக்கேன். பஸ்ஸுல போய்க்கிட்டிருக்கேன்... சரி, அவகிட்ட சொல்றேன்.”

“இரு, வைக்காத.”

“வேலை ஏதும் இருக்கா ஒனக்கு? ... அப்ப இரு. ஒண்ணும் இல்ல. ஒடம்புக்கெல்லாம் ஒண்ணும் இல்ல. பேசவும் ஒண்ணும் இல்ல. நீயும் பேச வேணாம். சும்மா கொஞ்ச நேரம் லைன்ல இரு, போதும்.”

டோல்கேட் வந்துவிட்டது தம்பி. நீங்கள் இங்கே இறங்கி டவுன் பஸ் பிடித்தால் பெட்டிக் கடைகளுக்குப் பக்கம். பையை மறந்துவிடாதீர்கள். போய் வா அம்மா, நல்லபடியாகப் போய் வா. நான் பிற்பாடு இறங்கிக்கொள்கிறேன், எனக்கு அவசரமில்லை.

இல்லையம்மா, அவன் ஒன்றும் சொல்லவில்லை. சாரும் சொல்லவில்லை, மற்றதும் சொல்லவில்லை. அங்கே காற்று அடிக்கிற சத்தம் கேட்கிறது. தூரத்தில் யாரோ பந்து அடிக்கிறார்கள். மூச்சு கேட்கிறது.

இன்னும் வைக்கவில்லை.